வாசகர் கேள்வி பதில்: மாலத்தீவில் வாட்டர் வில்லா

போன இதழில் மாலத்தீவு பற்றிச் சில வரிகள் எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாட்டர் வில்லாவைப் பற்றியே கேட்டிருந்தன. கடலுக்குள் தூண் நட்டு, அதன் மேல் கட்டிய அந்த வீடுகளில் ஒருமுறையாவது தங்கிவிட வேண்டும் என்று இத்தனை பேருக்கு ஆசை இருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எனவே இந்த இதழில் அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. மாலத்தீவில் ஐந்து இரவுகள் தங்கத் திட்டம். ஐந்தும் வாட்டர் வில்லாவில்தான் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். எனக்கோ கரையில் இருக்கும் பீச் வில்லாவும் வேண்டும். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி. முதல் இரண்டு இரவுகளைப் பீச் வில்லாவிலும் கடைசி மூன்றை வாட்டர் வில்லாவிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் வில்லாவில் கதவைத் திறந்தால் மரப்பாலம், அல்லது தண்ணீர், இரண்டே வழிதான். மணலில் கால் வைக்க வேண்டும் என்றால் பாலத்தின் மேல் நடந்து தீவுக்கு வர வேண்டும், சில ரிசார்ட்டுகளில் அந்த நடையே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், நடு மதியத்தில் மரப்பலகை கொதிக்கும். பீச் வில்லாவிலோ மரநிழல் உண்டு, வாசலிலேயே மணல் உண்டு, இரவில் சத்தமும் குறைவு. இரண்டையும் அனுபவித்தவர்கள்தான் எது தங்களுக்கு அதிகம் பிடித்தது என்று சொல்ல முடியும், முதல் பயணத்திலேயே ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். கடலின் மேல் தங்கிவிட்டுக் கரைக்கு வந்தால் ஏதோ கீழே இறங்கி வந்ததுபோல் இருக்கும். அப்புறம், அறை மாறும் நாளில் ஒன்றைக் காலி செய்யும் நேரத்துக்கும் இன்னொன்று தயாராகும் நேரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் கையில் அறை இருக்காது. பெட்டிகளை ரிசார்ட் ஆட்களே மாற்றி வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் குளிக்கவும் உடை மாற்றவும் இடம் உண்டா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: கடலை ரசிப்பதற்கு மூன்று இரவுகள் தாராளம், அந்த மூன்று இரவும் எந்தக் கடலின் மேல் என்பதுதான் பெரிய விஷயம். அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணாடித் தரை போட்ட வில்லாவைப் படத்தில் பார்த்து மயங்கிவிட்டோம். படுக்கையிலிருந்தே மீன் பார்க்கலாமா? எந்த வில்லாவைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரே குழப்பம், எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது.

படங்கள் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், அவை அறையைக் காட்டுகின்றன. கட்டில், ஊஞ்சல் வலை, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு எல்லாம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வில்லாவுக்குக் கீழே இருக்கும் கடல் இடத்துக்கு இடம் முற்றிலும் வேறு. அதைத்தான் நீங்கள் கேட்டு அறிய வேண்டும்.

மாலத்தீவின் தீவுகள் எல்லாமே பவளத்தால் உண்டானவை. தீவைச் சுற்றி ஆழமில்லாத, மணல் படிந்த லகூன் இருக்கும், அதன் விளிம்பில் பவளத்திட்டு, அதைத் தாண்டினால் சரேலென்று ஆழம். வாட்டர் வில்லாக்களைப் பெரும்பாலும் லகூனில்தான் கட்டுகிறார்கள், அங்கேதான் தண்ணீர் அமைதியாக இருக்கும், தூண் நடவும் எளிது. மணல் லகூன் என்றால் அந்தப் புகழ்பெற்ற இளநீல நிறம் கிடைக்கும், குளிக்க அருமை, ஆனால் மீன் குறைவு. கண்ணாடித் தரை வழியே பெரும்பாலான நேரம் வெள்ளை மணலும் அதில் ஆடும் வெயிலும்தான் தெரியும். மீன் வேண்டும் என்றால் பவளத்திட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் உள்ள வில்லா வேண்டும். தீவை ஒட்டிய அந்தப் பவளத்திட்டைத்தான் ஹவுஸ் ரீஃப் என்கிறார்கள். சில ரிசார்ட்டுகளில் வில்லாவின் படியிலிருந்து இறங்கிச் சிறிது நீந்தினாலே அது வந்துவிடும், சிலவற்றில் அதற்குப் படகு பிடிக்க வேண்டும்.

பவளம் எல்லா இடத்திலும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1998-லும் 2016-லும் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது மாலத்தீவின் பவளங்கள் வெளுத்துப்போய், ஆழமில்லாத இடங்களில் பெருமளவு செத்தன. சில திட்டுகள் நன்றாகத் தேறிவிட்டன, சில இன்னும் சாம்பல் நிறத்தில்தான் கிடக்கின்றன. பவளம் செத்த இடத்திலும் மீன் இருக்கும், ஆனால் வண்ணம் இருக்காது. ஆகவே ரிசார்ட்டுக்கு எழுதும்போது, இந்த வில்லாவிலிருந்து ஹவுஸ் ரீஃபுக்கு எவ்வளவு தூரம், நேராக நீந்திப் போக அனுமதி உண்டா, இப்போது பவளம் எப்படி இருக்கிறது, நீர் வற்றும்போது படிக்கட்டுக்குக் கீழே எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். மாலத்தீவில் கடலின் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் லகூனே ஆழமில்லாதது என்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நேரத்தில் சில வில்லாக்களின் கீழே முழங்கால் அளவுதான் தேறும். காலையில் குதித்த இடத்தில் மாலையில் குதித்தால் அடிபடும்.

இரவு நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பாலத்தின் விளக்கு தண்ணீரில் விழும் இடத்துக்குச் சின்ன மீன்கள் கூட்டமாக வரும், அவற்றைத் தேடித் திருக்கையும் குட்டிச் சுறாவும் வரும். கண்ணாடித் தரைக்காகக் கூடுதலாகச் செலவு செய்வதைவிட, சாப்பிட்டு முடித்து மெதுவாகத் திரும்பி நடந்து வரும்போது பாலத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள், எந்த வில்லாவில் தங்கியிருந்தாலும் அது உங்களுக்குக் கிடைக்கும்.

அஸ்தமனம் தெரியும் வில்லாவுக்கு அதிக வாடகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஜூலை, ஆகஸ்ட் பயணம் என்றால் வேண்டாம் என்பேன். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குப் பக்கத்தில் காற்றும் அலையும் நேராக வந்து மோதும், அஸ்தமனத்தை மேகம் மறைக்கவும் வாய்ப்பு அதிகம். அப்போது கிழக்குப் பக்க வில்லாக்களில்தான் தண்ணீர் அமைதியாக இருக்கும், வாடகையும் குறைவாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ், காற்று வடகிழக்கிலிருந்து வீசும், மேற்குப் பக்கம் தெளிந்து கிடக்கும், அப்போது கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. தீவின் அமைப்பையும் சுற்றியுள்ள திட்டுகளையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும், ஆனாலும் மாதத்தைச் சொல்லாமல் திசையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இன்னொன்று, சூரியன் எல்லா மாதமும் ஒரே இடத்தில் மறைவதில்லை. டிசம்பரில் நேர் மேற்கிலிருந்து சுமார் 23 பாகை தெற்கே தள்ளி மறைகிறது, ஜூனில் அதே அளவு வடக்கே. பாலம் வளைந்து போகும் ரிசார்ட்டுகளில் இந்த வித்தியாசத்திலேயே பக்கத்து வில்லாவின் கூரை உங்கள் அஸ்தமனத்தை மறைத்துவிடும். மேற்கு நோக்கிய திண்ணையில் பிற்பகல் முழுக்க வெயில் அறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அஸ்தமனத்தைத் தீவின் மேற்குக் கரையில் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்கும் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. வாட்டர் வில்லா எங்களுக்கு ஆபத்தா?

ஆபத்து என்று பயந்து ஒதுங்க வேண்டாம், ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காமல் இருங்கள். மணல் லகூனின் மேல் உள்ள வில்லாவைக் கேளுங்கள், பவளத்திட்டின் விளிம்பில் உள்ளது வேண்டாம். திண்ணையைச் சுற்றிக் கைப்பிடி உண்டா என்று விசாரியுங்கள், பல வில்லாக்களில் பார்வையை மறைக்கக் கூடாது என்று கைப்பிடியே வைப்பதில்லை. போனதும் லைஃப் ஜாக்கெட் வாங்கி அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அனேகமாக எல்லா ரிசார்ட்டும் கொடுக்கும். படிக்கட்டின் கடைசிப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், முதுகைக் கடல் பக்கம் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

அலை இல்லை என்பதால் கடல் ஓடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பவளத்திட்டுகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய்கள் வழியே ஏற்றத்திலும் இறக்கத்திலும் நீர் வேகமாகப் பாயும், மேலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரிதான் தெரியும். நன்றாக நீந்துகிறவர்களே அந்த ஓட்டத்தை எதிர்த்துக் களைத்துப்போவதுண்டு. தண்ணீரில் இறங்கும்போது உங்கள் இருவரில் ஒருவர் கட்டாயம் மேலே இருக்க வேண்டும், அல்லது ரிசார்ட்டின் நீச்சல் ஆள் கூட வர வேண்டும். பல இடங்களில் டைவிங் மையத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு, மிதவையைப் பிடித்துக்கொண்டு ஸ்நார்க்கெலிங் செய்யக் கூட்டிப்போகிறார்கள். அதற்குக் கட்டாயம் போங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பவளத்திட்டைப் பார்க்கும் அந்த முதல் நிமிடத்தை நீச்சல் தெரியாதவர்கள் இழக்க வேண்டிய தேவையே இல்லை. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருந்தால், அதற்குள் மிதக்கக் கற்றுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

சுறா வருமாமே? என் மகள் இப்போதே பயப்படுகிறாள். அவளுக்கு ஏழு வயது. குழந்தைகளை வாட்டர் வில்லாவில் விடுவார்களா?

வரும், அதுவும் தினமும் வரலாம். வில்லாக்களுக்கு அடியில் சுற்றுபவை துடுப்பு முனை கறுத்த சின்னச் சுறாக்கள், கரையோர ஆழமில்லாத நீரில் வளரும் குட்டிகள். மனிதர் கால் வைத்தாலே விலகி ஓடும். 2010-ல் மாலத்தீவு தன் கடல் முழுவதும் சுறா பிடிப்பதைத் தடை செய்துவிட்டது, நீங்கள் இத்தனை சுறாவைப் பார்க்க முடிவதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மகளைப் படிக்கட்டில் உட்காரவைத்து மேலிருந்து காட்டுங்கள், ஒரே நாளில் அவளே அவற்றுக்குப் பெயர் வைத்துவிடுவாள்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை, கல்லோடு கல்லாக இருக்கும் கல்மீன், முள் நீட்டிய கடல் முள்ளெலி, இவற்றுக்காகக் காலை இழுத்து இழுத்து நடக்கவும் ரப்பர் காலணி போடவும் பழக்குங்கள். பவளத்திட்டில் டைட்டன் டிரிகர்ஃபிஷ் என்ற பெரிய கிளாத்தி முட்டையிட்டுக் காவல் காக்கும் நேரத்தில் நெருங்குபவர்களைத் துரத்திக் கடிக்கும், அதைக் கண்டால் பக்கவாட்டில் நீந்தி விலகிவிட வேண்டும்.

வயது விஷயத்தில் ஒவ்வொரு ரிசார்ட்டும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. சில ரிசார்ட்டுகள் 12 வயதுக்குக் குறைந்தவர்களை வாட்டர் வில்லாவில் அனுமதிப்பதில்லை, சில பெற்றோரிடம் பொறுப்பு ஏற்றுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுகின்றன, பெரியவர்களுக்கு மட்டும் என்றே நடக்கும் தீவுகளும் உண்டு. என்னைக் கேட்டால் ஏழு வயதுக் குழந்தையோடு பீச் வில்லாதான் நிம்மதி. திண்ணைக் கதவு திறந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு அது ஓய்வாகவே இருக்காது.

எங்கள் விமானம் மாலே போய்ச் சேர மாலை ஐந்தரை ஆகிவிடும். அன்றே ரிசார்ட்டுக்குப் போய்விடலாம் அல்லவா?

ரிசார்ட்டுக்குச் சீப்ளேனில், அதாவது தண்ணீரிலேயே ஏறி இறங்கும் விமானத்தில், போக வேண்டும் என்றால் முடியாது. சீப்ளேன் விமானிகள் கண்ணால் கடலைப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள், எனவே பகல் வெளிச்சத்தில் மட்டுமே ஓடும். பிற்பகல் மூன்றரைக்குள் மாலே வந்துவிட வேண்டும் என்றுதான் பல ரிசார்ட்டுகள் சொல்கின்றன. உங்களுக்கு வழி மூன்று: விமானத்தை மாற்றுங்கள், அல்லது ஸ்பீட்போட்டில் போகக்கூடிய ரிசார்ட்டாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது அன்றிரவு விமான நிலையத்திலிருந்து சாலை வழியே போகக்கூடிய ஹுல்ஹுமாலேயில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். தூரத்துத் தீவுகளுக்கு உள்நாட்டு விமானமும் அதன் பின் படகுமாக இரவிலும் கூட்டிப்போகும் ரிசார்ட்டுகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். எப்படியானாலும் வாட்டர் வில்லாவுக்கு அந்த முதல் இரவின் வாடகையைக் கட்டிவிட்டு ஹுல்ஹுமாலேயில் தூங்காதீர்கள்.

சீப்ளேன் பயணம் தன்னளவிலேயே அழகு. இருபது பேர்கூட ஏறாத சின்ன விமானம், தாழ்வாகப் பறக்கும், பவளத்திட்டுகளின் வளையங்களை அப்போதுதான் முழுசாகப் பார்க்க முடியும். ஆனால் நேரத்தை அது உங்களுக்காக வைத்துக்கொள்வதில்லை, வழியில் மற்ற தீவுகளில் இறங்கி ஏறும், மழை வந்தால் காத்திருக்கும். சாமான் பொதுவாக 20 கிலோ, கைப்பை 5 கிலோ, கூடினால் கிலோவுக்குக் காசு. எடை அதிகமானால் பெட்டி அடுத்த விமானத்தில் வருவதும் உண்டு, ஆகவே மருந்து, நீச்சல் உடை, ஒரு மாற்று உடுப்பு கைப்பையில் இருக்கட்டும். டைவிங் செய்கிறவர்கள் கடைசி நாளில் டைவ் வைத்துக்கொள்ளக் கூடாது, கடைசி டைவுக்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே 18 முதல் 24 மணி நேர இடைவெளி விடுங்கள்.

இணையத்தில் பார்த்த வாடகைக்கும் கடைசியில் வந்த கணக்குக்கும் பெரிய வித்தியாசம். ஏமாற்றுகிறார்களா?

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றன, சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தம். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் கூட்டி வரும் தொகையின் மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி, இது 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். ஆக, நூறு டாலர் என்று பார்த்தது 128 டாலர் 70 சென்ட் ஆகிறது. இதற்கு மேல் பசுமை வரி என்று ரிசார்ட்டுகளில் ஆளுக்கு, இரவுக்கு 12 டாலர், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் கிடையாது. 2025 தொடக்கம் வரை அது 6 டாலராக இருந்தது, பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அப்புறம் போக்குவரத்து. சீப்ளேன் கட்டணம் பெரும்பாலும் அறை வாடகையில் சேராது. டிசம்பர் 24, 31 இரவு விருந்துகளுக்குக் கட்டாயமாகப் பணம் வாங்கும் ரிசார்ட்டுகளும் உண்டு. சாப்பாட்டை மட்டும் முன்னதாகவே முடிவு செய்யுங்கள், மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவில் ஒரே ரிசார்ட்தான், வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதற்கு வழியே இல்லை. ரிசார்ட்டிடம் ஒரே கேள்வியாகக் கேளுங்கள்: எல்லா வரியும், போக வர ஆகும் செலவும், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு? அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிட வேண்டும்.

சுனாமி, புயல் வந்தால் கடலின் நடுவே இருக்கும் வில்லா என்ன ஆகும்?

நியாயமான பயம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாலத்தீவில் நூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள், ரிசார்ட்டுகளும் சேதமடைந்தன. நாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட உயரம் இல்லாத நிலையில் இழப்பு இன்னும் அதிகமாகாததற்கு, தீவுகள் ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பது ஒரு காரணம். சரிவான கரை இல்லாததால் அலை மேலே மேலே குவிந்து உயர அங்கே இடம் கிடைக்கவில்லை. புயலைப் பொறுத்தவரை, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் சூறாவளிகள் சுழன்று வலுப்பெறுவது அரிது, வட பகுதித் தீவுகளுக்கு மட்டும் அவ்வப்போது அவற்றின் விளிம்பு எட்டும்.

நடைமுறையில் உங்களுக்கு நேரக்கூடியது, பருவமழைக் காலத்தில் ஓர் இரவு பலத்த காற்று, தரைக்கு அடியில் தண்ணீர் அறையும் சத்தம், மரம் முனகும் சத்தம். லேசாகத் தூங்குகிறவர்கள் காதுக்கு ஏதாவது அடைப்பு எடுத்துப்போங்கள். வில்லாவுக்குப் போன அன்றே, அவசரம் என்றால் தீவில் எங்கே கூட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

கடலில் தூண் நட்டு வீடு கட்டுவது பவளத்துக்குக் கெடுதல் இல்லையா? போக ஆசை, ஆனால் மனசு உறுத்துகிறது.

கெடுதல் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. தூண் நடும்போது கலங்கும் மணல் பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சுத் திணறவைக்கும், கட்டடத்தின் நிழல் விழும் இடத்தில் பவளம் வளராது, ஏனென்றால் அதற்குள் வாழும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். இதைவிடப் பெரிய கேடு, கடலுக்கு அடியிலிருந்து மணலை உறிஞ்சித் தீவையே உருவாக்கிக் கட்டும் ரிசார்ட்டுகள். நன்னீருக்குக் கடல் நீரை உப்பு நீக்க வேண்டும், அதற்கும் குளிர்சாதனத்துக்கும் வேண்டிய மின்சாரம் இன்னும் பெரும்பாலும் டீசலில்தான் வருகிறது.

போவதென்று முடிவு செய்தால் இயற்கையாக உருவான தீவில் உள்ள ரிசார்ட்டாகப் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்களா, சூரிய மின்சாரம் எவ்வளவு, குடிநீரைத் தாங்களே கண்ணாடிப் புட்டியில் நிரப்புகிறார்களா, கடல் உயிரியல் படித்தவர் ஒருவர் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டால் ஒழுங்காக நடக்கும் இடம் விவரமாகப் பதில் எழுதும், மற்றவை பசுமை, இயற்கை என்று பொதுவாக எழுதி அனுப்பும். அதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் சன்ஸ்கிரீன் பாதியாகக் குறையும், ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் சேர்ந்த சன்ஸ்கிரீனை, பவளத்தை முன்னிட்டு, அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க விடுவதில்லை, நீங்களும் தவிர்த்துவிடுங்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், பல ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் உடையும். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். செத்த பவளத் துண்டாக இருந்தாலும் பையில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பிடித்தால் வாங்கிவைத்துவிடுவார்கள்.

சாமானில் என்னென்ன கொண்டுபோகக் கூடாது?

மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள், இவை மூன்றையும் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை. ரிசார்ட்டில் மது கிடைக்கும், வெளியிலிருந்து கொண்டுபோகத்தான் தடை. 2024 நவம்பரிலிருந்து மின்சிகரெட்டும் தடை. விசா வந்து இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமூகா என்ற அரசு இணையதளத்தில் பயண விவரத்தைப் பதிய வேண்டும், அதற்கும் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ரிசார்ட்டில் கடிகாரம் வேறு நேரம் காட்டுமாமே, உண்மையா?

உண்மை. பல ரிசார்ட்டுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரத்தை வைத்துக்கொள்கின்றன, விருந்தினருக்கு மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. திரும்பும் நாளில் விமான நேரம் மாலே கணக்கு, சீப்ளேன் நேரம் எந்தக் கணக்கு என்று வரவேற்பறையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் வாட்டர் வில்லா கட்டியது மாலத்தீவில்தானா?

இல்லை. பிரெஞ்சு பாலினேசியாவின் ராயாடியா தீவில், 1967-ல். அமெரிக்காவிலிருந்து போய்க் குடியேறிய மூன்று நண்பர்கள் நடத்திய விடுதி அது. அங்கே நல்ல கடற்கரை இல்லை, எனவே விருந்தினரைத் தண்ணீரின் மேலேயே தங்கவைக்கலாம் என்று தூண் நட்டார்கள். மாலத்தீவில் முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்ததே 1972-ல்தான்.

அவ்வளவு செலவு செய்ய எங்களால் முடியாது. ஆனால் அந்தக் கடலைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. வழி உண்டா?

தாராளமாக உண்டு, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டவர் ரிசார்ட் தீவுகளில் மட்டும்தான் தங்கலாம் என்று இருந்தது. 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி செய்தார்கள். இன்று மாஃபுஷி, தோட்டூ, திகுரா போன்ற தீவுகளில் குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள் நிறைய. படகில் போகலாம், ரிசார்ட் வாடகையின் சிறு பங்குதான் ஆகும், சிறிய விடுதிகளில் பசுமை வரியும் பாதி, 6 டாலர். கடல் அதே கடல். தோட்டூவில் கரையிலிருந்து இறங்கினால் ஆமை பார்க்கலாம், திகுரா பக்கம் படகில் போனால் திமிங்கிலச் சுறா. ஊர்த் தீவுகளில் முழுதும் உடுத்தி நடக்க வேண்டும், நீச்சல் உடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மது கிடைக்காது.

வாட்டர் வில்லாவின் பாலத்திலும் ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும் என்றால் பக்கத்து ரிசார்ட்டில் டே பாஸ் வாங்குங்கள், விடுதிக்காரரே ஏற்பாடு செய்வார். காலையில் போய் மாலையில் திரும்பலாம், மதிய உணவும் நீச்சல் குளமும் கடற்கரையும் அதில் அடங்கும். இல்லை, ஓர் இரவாவது அதில் தூங்கத்தான் வேண்டும் என்றால், மற்ற நாட்களை ஊர்த் தீவில் கழித்துவிட்டு ஸ்பீட்போட் தூரத்தில் உள்ள ரிசார்ட்டில் ஓர் இரவு மட்டும் பதிவு செய்யுங்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் வாடகை இறங்கும். ஓர் இரவுப் பதிவை எல்லா ரிசார்ட்டும் ஏற்காது, விமான டிக்கெட் எடுக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.